நிகழ்காலமும் இறைபணியும்: நற்சிந்தனையின் காலநோக்கு

இலக்கணம் காட்டும் நிகழ்காலம்

காலம் மூன்று என்பது தமிழ் இலக்கணத்தின் துணிபு. இம்மூன்றனுள் இறந்ததையும் எதிர்வதையும் விளக்குதல் எளிது. நிகழ்வதை விளக்குதலே அரிது. ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கும்போது எதிர்காலமாயிருந்தது, அதனைச் சொல்லி முடிக்கும்போது இறந்தகாலமாகிவிடுகிறது. இடையில் நின்ற நிகழ்காலம் எங்கே என வினவுவோர்க்கு விரல்சுட்டிக் காட்டத்தக்க இடம் ஏதுமில்லை.

இவ்விடர்ப்பாட்டினைத் தொல்காப்பிய உரைகாரர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆதலின் அவர்கள் காலத்தைக் கணங்களாகத் துணித்து அளக்க முற்படாது, வினையைக் கொண்டே காலத்தை வரையறுத்தனர். சேனாவரையர் தரும் விளக்கத்தின்படி தொழில் கழிந்துவிட்ட நிலை இறப்பு. தொழில் இன்னும் பிறவாத நிலை எதிர்வு. தொழில் தொடங்கப்பெற்று முற்றுப்பெறாதிருக்கும் நிலையே நிகழ்வு. எனவே நிகழ்காலம் என்பது கடிகாரத்தின் ஒரு புள்ளியன்று. ஒரு செய்கையின் நடுவிடம். செய்கை இல்லாதவிடத்து நிகழ்காலமும் இல்லை.

தொல்காப்பியம் இதனோடு தொடர்புடைய பிறிதொரு விதியையும் கூறுகின்றது. மூன்று காலத்தும் ஒருபடித்தாய் உள்ள பொருளின் இயல்பைக் கூறவேண்டின், அதனை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லாற் கூறவேண்டும் என்பது அவ்விதி. மலை நிற்கும் என்பது போன்றன உரைகாரர் காட்டும் உதாரணங்கள். நேற்றும் நின்றது, நாளையும் நிற்பது. எனினும் அதன் நிலைபேற்றைச் சொல்லுதற்கு நிகழ்காலமே ஏற்ற வாயிலாகக் கொள்ளப்பட்டது. மாறாததைப் பற்றிப் பேசவும் மாறிக்கொண்டிருக்கும் காலத்தின் சொல்லே வேண்டப்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

நிகழ்காலம் செய்கையில் உள்ளது. நிலைபேறுடையது நிகழ்காலத்தால் உணர்த்தப்படுவது. இலக்கணம் தரும் இவ்விரு குறிப்புகளும் தமிழ் ஆன்மீக இலக்கியத்தை அளந்தறிவதற்கு ஏற்ற அளவுகோல்களாகும். இந்தக் கணத்தில் வாழ்க என்னும் அறிவுரை இக்காலத்தில் பல மொழிகளிலும் பெருவழக்காகிவிட்டது. கவலையை மறத்தல், உள்ளதை அனுபவித்தல், மனத்துக்கு ஓய்வளித்தல் என்ற அளவிலேயே அது பெரும்பாலும் விளங்கிக்கொள்ளப்படுகின்றது. ஆயின் ஈழத்துச் சைவ மரபில் யோகர் சுவாமிகளின் நற்சிந்தனை நிகழ்காலத்தை எவ்வாறு நோக்கியது என்பதை ஆராயுமிடத்து, அது ஓய்வைப் பற்றிய போதனையன்று, பணியைப் பற்றிய போதனையே என்பது புலனாகும். அதனைத் தெளிதற்கு முதற்கண் அதற்கு முற்பட்ட மரபினை நோக்குதல் வேண்டும்.

அச்சத்தாற் பிறந்த இன்று

தமிழ் அறநூல்கள் இன்றைய பொழுதின் அருமையை நிலையாமையின் வாயிலாகவே பெரிதும் உணர்த்தின. தொல்காப்பியம் காஞ்சித்திணை என வகுத்தது உலகின் நிலையாமையைப் பொருளாகக் கொண்டது. திருக்குறளில் நிலையாமைக்குத் தனி அதிகாரம் உண்டு. நாலடியாரோ செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்னும் மூன்று அதிகாரங்களுடனேயே தொடங்குகின்றது. திருமந்திரத்தின் முதல் தந்திரமும் இப்பொருள்களை அடுத்தடுத்து எடுத்துரைக்கின்றது.

இந்நூல்களின் வாதமுறை பெரும்பாலும் ஒன்றே. செல்வம் கழியும், இளமை கழியும், உயிர் பிரியும். எந்நாளில் என்பது தெரியாது. ஆதலின் அறத்தை நாளைக்கு ஒத்திவைக்காது இன்றே செய்க என்பது அது. இங்கு இன்று என்பது மதிக்கப்படுவது அதன் பொருட்டன்று. நாளை என்பது நம்பத்தகாதது என்பதனாலேயாம். கடன் தீர்க்கவேண்டிய கடைசி நாள் எவ்வாறு ஒருவனுக்கு முக்கியமாகின்றதோ அவ்வாறே இன்றைய நாள் இவர்களுக்கு முக்கியமாகின்றது.

சமண முனிவரோடு தொடர்புபடுத்தப்படும் நாலடியாரின் இக்குரலுக்கு மிக நெருங்கிய குரல் பௌத்தத்திலும் கேட்கின்றது. பாளி மச்சிம நிகாயத்தின் 131ஆவது சூத்திரமாகிய பத்தேகரத்த சூத்திரம், சென்றதைத் தொடராமலும் வராததை அவாவாமலும் இருக்குமாறும், நாளை மரணம் நேரலாமாதலின் வேண்டிய முயற்சியை இன்றே செய்யுமாறும் போதிக்கின்றது. ஆயினும் அது எச்சரிக்கையோடு நின்றுவிடவில்லை. அவ்வப்போது தோன்றும் நிகழ்வை அவ்வவ்விடத்திலேயே ஊன்றி நோக்கும் பயிற்சியையும் அது கூறுகின்றது. கண்டியை அடுத்த வனத்துறவியர் இல்லத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஜெர்மானியப் பிக்குவாகிய ஞானபோனிக தேரர் (1901–1994) சதிபட்டான மார்க்கத்தை உலகுக்கு விளக்கியபோது முதன்மை கொடுத்ததும் இப்பயிற்சிக்கே. விருப்பும் வெறுப்பும் கலவாமல் உள்ளதை உள்ளவாறு நோக்குதல் அதன் அடிப்படை.

பௌத்தம் இவ்வாறு எச்சரிக்கையிலிருந்து நோக்குதலுக்குச் சென்றது. தமிழ்ப் பக்தி மரபு அதே இடத்திலிருந்து வேறொரு திசையிற் சென்றது. அது நிகழ்காலத்தைச் சந்திப்புக்குரிய இடமாக மாற்றியது. பிறவியை நோயாகக் கருதும் சிந்தனை ஓங்கியிருந்த காலத்தில், தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடியைக் காணக் கிடைக்குமாயின் மனிதப் பிறவியும் விரும்பத்தக்கதே என்று அப்பர் பாடியமை ஒரு பெருந்திருப்பம். கழியப்போகும் யாக்கையே காட்சிக்கு இடமாகின்றது. அதே அப்பர் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களிற் புல்லைச் செதுக்கியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. புல் மீண்டும் முளைக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். முடிவுறாத அவ்வேலையைத் தொண்டாக ஏற்றுக்கொண்டமையிற்றான், தொடங்கப்பெற்று முற்றுப்பெறாத நிலை என்னும் நிகழ்காலத்தின் இலக்கணம் வாழ்க்கையாக மலர்கின்றது.

சும்மா இருத்தல்

பிற்காலத்தில் இம்மரபின் மையச் சொல்லாக எழுந்தது சும்மா என்பது. பேச்சற்றுச் சும்மா இருக்கும்படி முருகன் உபதேசித்ததாக அருணகிரிநாதர் கந்தரனுபூதியிற் கூறுவர். பதினெட்டாம் நூற்றாண்டிற் பாடிய தாயுமானவரோ யானையை வசப்படுத்துதல், நீர்மேல் நடத்தல் முதலிய அரிய சித்திகளையெல்லாம் எளியன என்று அடுக்கிவிட்டு, மனத்தை அடக்கிச் சும்மா இருக்கும் திறமே அரிது என முடிக்கின்றார்.

இச்சொல்லைச் சோம்பலின் சொல்லாகக் கொண்டு சைவ மரபைக் குறைகூறுவார் உளர். உலக வழக்கில் இச்சொல் வழங்குமாற்றை நோக்கின் அவ்விளக்கம் போதாதென்பது தெளிவாகும். அயல்வீட்டுக்குச் சென்றவர் சும்மாதான் வந்தேன் என்பர். காரியம் எதனையும் கருதி வரவில்லை என்பது பொருள். கடைக்காரர் ஒன்றைச் சும்மா கொடுத்தார் என்றால் விலை பெறாது கொடுத்தார் என்பது பொருள். சும்மா சொன்னேன் என்பவர் தம் சொல்லுக்குப் பாரமேற்றவில்லை என உணர்த்துகின்றார். நோக்கம் இன்மை, விலை இன்மை, பாரம் இன்மை ஆகிய இம்மூன்றும் இச்சொல்லின் உள்ளே உறைகின்றன. செயல் இன்மை என்பதோ அதன் ஒரு கூறு மாத்திரமே. வருதலும் கொடுத்தலும் சொல்லுதலும் சும்மா நடைபெறலாம் என்பதை ஊர்மக்களின் பேச்சே அறிந்துவைத்திருக்கின்றது.

ஆகவே சும்மா இருத்தல் என்பது வேலையை விட்டுவிடுதலன்று. பயனை முன்னோக்கியும் பட்டதைப் பின்னோக்கியும் அலையும் மனம் அவ்வலைச்சலை விட்டுக் கையிலுள்ள செயலில் நிற்றலே அது. இப்பொருளை யாழ்ப்பாணத்தின் அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவந்து சேர்த்ததே நற்சிந்தனையின் சாதனை.

தேரடியிற் கேட்ட வாக்கியங்கள்

யோகர் சுவாமிகள் (1872–1964) மாவிட்டபுரத்திற் பிறந்தவர். இளமையில் கிளிநொச்சிப் பகுதியில் நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளைக் குருவாகப் பெற்று உத்தியோகத்தைத் துறந்தார். பின்னர் கொழும்புத்துறையில் இலுப்பைமர நிழலிலும், அதன்பின் அங்கு ஒரு சிறு குடிலிலும் வாழ்ந்தார். 1935இல் சிவதொண்டன் என்னும் மாத இதழ் அவரது அருளாணையின்படி தொடங்கியது. அவ்வப்போது அவர் வாயிலாகப் பிறந்த பாடல்களும் வசனங்களும் நற்சிந்தனை என்னும் பெயரால் தொகுக்கப்பெற்றன.

செல்லப்பா சுவாமிகளை ஊரிற் பலர் பித்தர் என்றே கருதினர். கோயிலுக்குள் வீற்றிருந்து உபதேசித்தவரல்லர் அவர். தேர் நிறுத்தப்படும் இடத்தின் படிகளே அவரது இருப்பிடம். இருபத்தைந்து நாட் பெருவிழாவில் ஒரு நாளே தேர் ஓடும். ஆண்டின் எஞ்சிய நாட்களெல்லாம் அது நின்றபடியே இருக்கும். ஊரவர் தேர் ஓடும் நாளை எதிர்நோக்கியிருக்க, ஓடாத தேரின் அடியில் ஒருவர் நிறைவோடு இருந்தார் என்பது அவரது போதனைக்கு ஏற்ற பின்னணியே.

அப்போதனை நான்கு சிறு வாக்கியங்களாக வழங்குகின்றது. காரியம் என்றோ முடிந்துபோயிற்று என்பது ஒன்று. எவரும் எதனையும் அறியார் எனத் தம்மையும் உளப்படுத்திக் கூறுவது மற்றொன்று. தீங்கு என ஒன்றும் இல்லை என்பது மூன்றாவது. யாவும் உண்மையே என்பது நான்காவது. யோகர் சுவாமிகள் இவற்றைத் தம் பாடல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார். யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் இவை பழமொழிகள் போல வழங்கலாயின.

இவற்றின் தத்துவப் பொருளைப் பலர் விளக்கியுள்ளனர். இவற்றின் மொழியமைப்போ அத்துணைக் கவனம் பெறவில்லை. நான்கனுள் ஒன்றேனும் ஏவல் அன்று என்பது முதற்கண் நோக்கத்தக்கது. அறநூல்கள் செய்க, ஒழிக, நினை, மற என ஏவலாலும் வியங்கோளாலும் பேசுவன. ஏவலும் வியங்கோளும் எதிர்காலத்துக்குரியன என்பது நன்னூலின் முடிபு. அறநூலின் குரல் கேட்போனை எப்போதும் ஒரு நாளையை நோக்கியே தள்ளுகின்றது. நல்லூர் வாக்கியங்களோ எதனையும் செய்யுமாறு பணிக்கவில்லை. உள்ள நிலையை அறிவித்து நின்றுவிடுகின்றன.

இரண்டாவதாக, நான்கனுள் எதன் முடிக்குஞ் சொல்லும் காலங்காட்டும் இடைநிலையைப் பெற்றதன்று. முதலாவதும் நான்காவதும் அவற்றின் மூல வடிவிற் பெயரையே பயனிலையாகக் கொண்டு முடிவன. மூன்றாவது இல்லை என்னும் குறிப்பு வினையால் முடிவது. இரண்டாவதன் முடிபோ எதிர்மறை வினை. அதிலும் காலத்துக்கெனத் தனி உறுப்பு இல்லை. முதல் வாக்கியத்தின் உள்ளே இறந்தகாலப் பெயரெச்சம் ஒன்று வருவது உண்மையே. ஆயின் அது எந்நாளில் முடிந்தது எனத் திட்டமாய்க் கூறாது, எப்பவோ என்னும் யாழ்ப்பாணப் பேச்சுச் சொல்லால் அந்த இறந்தகாலத்தையும் எல்லையற்றதாக்கிவிடுகின்றது. நாட்குறிப்பில் இடம்பெறத்தக்க இறந்தகாலமன்று அது.

இவ்வமைப்பு திட்டமிட்டுச் செய்யப்பட்டது எனக் கொள்ளவேண்டியதில்லை. அனுபவம் தனக்கு இயைந்த வடிவத்தைத் தானே தேடிக்கொண்டது எனலே பொருந்தும். மூன்று காலத்தும் ஒருபடித்தானதைக் கூறுதற்குத் தொல்காப்பியம் நிகழ்காலச் சொல்லை வேண்டியது; தேரடி வாக்கியங்கள் ஒரு படி மேற்சென்று காலங்காட்டும் உறுப்பையே துறந்தன. கேட்போனின் மனத்தில் அச்சொல் விழும் வேளையே அதன் காலமாகின்றது.

வினைக் கணக்கும் இறைபணியும்

காரியம் முன்னரே முடிந்துபோயிற்று என்றால், செய்வதற்கு எஞ்சியிருப்பது யாது என்னும் வினா இயல்பாகவே எழும். இதற்கு விடை சைவசித்தாந்தத்தின் வினைக்கோட்பாட்டிற் கிடைக்கின்றது. சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கும். முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் குவித்து வைத்தது சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்தற்கு வந்தது பிராரத்தம். அதனை நுகரும்போது யான், எனது என்னும் முனைப்பினாற் புதிதாக ஏறுவது ஆகாமியம்.

வினை வகைகள் மூன்றும் காலங்கள் மூன்றனோடு ஒத்து நிற்பதை எளிதிற் காணலாம். இவற்றுள் மனிதனின் கைக்கு எட்டுவது எது? குவிந்து கிடப்பதை அவன் மாற்றவியலாது. நுகர வந்ததைத் தவிர்க்கவும் இயலாது. நுகரும் இவ்வேளையில் புதுக்கணக்கு ஏறாதிருக்கச் செய்தல் ஒன்றே அவனுக்குரியது. ஆகவே நிகழ்காலம் என்பது பழைய கணக்குத் தீரும் இடமாகவும் புதிய கணக்குத் தொடங்கும் இடமாகவும் ஒருங்கே அமைகின்றது. அவ்விடத்தில் ஒருவன் எவ்வாறு நிற்கின்றான் என்பதிலேயே அவனது விடுதலை தங்கியுள்ளது. இதற்குச் சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் கூறும் வழி, இறைவனோடு ஒன்றாகி இறைபணியில் நிற்றல் என்பதாகும். நிற்றல் என்றமையால் அசைவின்மையும், பணி என்றமையாற் செயலும் ஒருங்கே பெறப்படுகின்றன. சும்மா இருத்தலும் தொண்டு செய்தலும் முரணல்ல என்பதற்கு இதனினும் சுருங்கிய விளக்கம் வேண்டியதில்லை.

யோகர் சுவாமிகள் தம் வழியைச் சிவதொண்டு என அழைத்ததன் பொருத்தம் இங்கு விளங்கும். அவர் துறந்த உத்தியோகமே இதற்கு நல்லதோர் உருவகமாகின்றது. களஞ்சியப் பொறுப்பாளர் பொருள்களை எண்ணி ஏற்கின்றார், எண்ணிக் கொடுக்கின்றார். ஓர் ஆணி குறையினும் அவர் விடைகூற வேண்டும். ஆயின் களஞ்சியத்தில் உள்ளவற்றில் எதுவும் அவருடையதன்று. முழுக் கவனமும் முழு உரிமையின்மையும் ஒருங்கு கூடிய நிலை அது. நற்சிந்தனை இல்லறத்தாருக்கும் உத்தியோகத்தருக்கும் ஆசிரியருக்கும் கமக்காரருக்கும் விதந்துரைக்கும் வாழ்க்கை இத்தன்மையதே. காரியம் முடிந்துபோயிற்று என்னும் வாக்கியம் வேலையை நீக்கவில்லை. வேலையின் மீது மனிதன் ஏற்றிவைத்த பயத்தையும் பெருமையையுமே நீக்குகின்றது.

பௌத்தப் பயிற்சியோடு இதனை ஒப்பிடின் ஒற்றுமையும் வேற்றுமையும் புலப்படும். இரண்டும் நிகழ்காலத்திற் கர்த்தா என்னும் எண்ணத்தைத் தளர்த்துகின்றன. பௌத்தம் நிகழ்வை நோக்கி நோக்கி, அதனுள் யான் எனத்தக்கது ஒன்றும் இல்லை எனக் காண்கின்றது. சைவமோ செயலைச் செய்தபடியே அதனைச் சிவன் செயலாகக் காண்கின்றது. முன்னையதில் நோக்குதலும் பின்னையதில் ஒப்புவித்தலும் முதன்மை பெறுகின்றன.

நாளை என்னும் புகலிடம்

இக்காலநோக்கின் மீது எழுப்பத்தக்க வலிய மறுப்பொன்று உண்டு. ஈழத்து முற்போக்கு விமர்சகர்கள் பல்வேறு சந்தர்ப்பங்களில் ஆன்மீக இலக்கியத்துக்கு எதிராகக் கூறியது அது. தீங்கு என ஒன்றும் இல்லை என்னும் வாக்கியத்தை, தீங்கு இழைக்கப்பட்டவனின் முன் நின்று கூறமுடியுமா? வசதியுடையோன் நிகழ்காலத்தில் நிறைவு காணலாம்; கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவனுக்கு நிகழ்காலம் என்பது அத்தடையே அன்றோ?

இம்மறுப்பைச் சொல்லாடலாற் கடந்துவிடுதல் நேர்மையாகாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் நிறைவேறியது. எனினும் பதினொரு ஆண்டுகள் கழிந்து, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. யோகர் சுவாமிகள் பிறந்த ஊர் அது. அவர் சமாதியடைந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. யாவும் உண்மையே என்னும் போதனையைக் கேட்டு வளர்ந்த அதே சமூகமே கதவுகளை அடைத்தும் நின்றது. போதனையைப் போற்றியமையும் மனிதரைத் தடுத்தமையும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதை மறைக்க இயலாது.

ஆயினும் இங்குக் குற்றவாளி நிகழ்காலமா என்பது ஆராயத்தக்கது. அக்கதவுகளைக் காத்துநின்ற வாதங்களை நோக்கின், அவை நேற்றையும் நாளையையும் பற்றியவையாகவே இருந்தன. பரம்பரை வழக்கம் என்பது நேற்றின் வாதம். காலப்போக்கில் மெல்ல மெல்ல மாறும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்பது நாளையின் வாதம். அநீதி நேற்றிற் பிறந்து நாளையில் ஒளிந்துகொள்கின்றது. இன்று, இவ்விடத்தில், இம்மனிதன் முன் நிற்கின்றான் என்பதை முழுமையாகக் காணும் கண்ணுக்கு இவ்விரு வாதங்களும் நில்லா. ஆகவே அச்சமூகம் நிகழ்காலத்தில் வாழ்ந்தமையால் தவறவில்லை, வாழாமையாலேயே தவறியது.

இதனை வாழ்ந்து காட்டியவர் மு. தளையசிங்கம் (1935–1973). முற்போக்கு இலக்கியத்தின் பொருள்முதல்வாத அடிப்படையோடு கருத்துப் போர் நிகழ்த்தியவர் அவர். போர்ப்பறை, மெய்யுள் ஆகிய நூல்களில் ஆன்மீகத்தையும் சமூக மாற்றத்தையும் பிரிக்கவொண்ணாதனவாகக் கண்டவர். அவர் 1971இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர் உரிமைக்கான சத்தியாக்கிரகத்தில் முன்னின்றார். கைதும் தாக்குதலும் அவருக்கு நேர்ந்தன. இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார். தீவின் நன்னீர் அருமையை அறிந்தோர்க்கு அப்போராட்டத்தின் பொருள் எளிதில் விளங்கும். தாகத்துக்கு எதிர்காலம் இல்லை. கிணற்றடியில் நிற்பவளின் குடம் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கவும் இயலாது.

தளையசிங்கத்தின் செயல் இறைபணி நிற்றல் என்பதற்கு நற்சிந்தனையின் புறத்தே அமைந்த ஓர் உரையாகும். தீங்கு என ஒன்றும் இல்லை என்னும் வாக்கியத்தை இருவகையாற் கூறலாம். தன் வசதியைக் காத்துக்கொள்வதற்காகப் பிறனை நோக்கிக் கூறுவது ஒருவகை, அது பொய். தனக்கு நேரக்கூடிய இழப்பை நோக்கித் தனக்குத்தானே கூறிக்கொள்வது மற்றொரு வகை, அது வீரம். முன்னையது அடுத்தவனின் துன்பத்தை மறுக்கின்றது. பின்னையது தன் அச்சத்தை மறுக்கின்றது. இந்த வேறுபாட்டை உணராது நல்லூர் வாக்கியங்களைப் போற்றுதலும் தூற்றுதலும் ஒருங்கே பயனற்றன.

மதிப்பீடு

நற்சிந்தனையை இலக்கியமாக எடைபோடுமிடத்து அதன் குறைகளையும் சுட்டுதல் வேண்டும். கூறியது கூறல் அதன்கண் மிகுதி. தாயுமானவரின் சொல்வளத்தையும் அருணகிரியாரின் சந்தச் செழுமையையும் அதில் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமடைவர். சில பாடல்கள் மரபுத் தொடர்களின் கோவையாகவே நின்றுவிடுகின்றன. சமூகக் கொடுமைகளை விரித்துரைத்தல் அதன் நோக்கமன்று என்பதும், அதனால் அதன் வாக்கியங்கள் வசதியுடையோரின் ஆறுதல் மொழியாகச் சுருங்க இடமேற்பட்டது என்பதும் ஒப்புக்கொள்ளவேண்டியனவே.

எனினும் கூறியது கூறலை ஏட்டுச்சுவை கொண்டு மாத்திரம் அளத்தல் முறையாகாது. இப்பாடல்கள் தனித்திருந்து வாசித்தற்கு எழுந்தன அல்ல. கூடியிருந்து பாடுதற்கும், வேலைக்கிடையில் வாயினுள் முணுமுணுத்தற்கும் எழுந்தன. அலையும் மனத்தை மீட்டுக் கொணர்வதே அவற்றின் தொழில். மனம் அலைவது ஒருமுறையன்று ஆதலின், மீட்கும் சொல்லும் ஒருமுறையோடு அமையாது. அப்பர் செதுக்கிய புல்லைப் போன்றதே இதுவும். நெஞ்சை விளித்துப் பேசும் பழைய மரபினைக் கையாண்டு, சமையலறையிலும் வயலிலும் காரியாலயத்திலும் நிற்பவர் எட்டிப் பிடிக்கத்தக்க எளிய தமிழிற் பெரும்பொருளை வைத்தமை அதன் சிறப்பு. எப்பவோ என்னும் ஊர்ச்சொல் ஒரு தத்துவத்தைத் தாங்கவல்லது என்பதை ஈழத்துச் சமய இலக்கியம் அறிந்துகொண்டது இம்மரபினாலேயே.

நிலையாமை நூல்கள் இன்றைய பொழுதைக் கெடுநாளாகக் கண்டன. பக்தி இலக்கியம் அதனைச் சந்திப்பாகக் கண்டது. நற்சிந்தனை அதனைப் பணியாகக் கண்டது. தொழில் தொடங்கப்பெற்று முற்றுப்பெறாத நிலையே நிகழ்காலம் என உரைகாரர் வகுத்த இலக்கணத்துக்கு இது முற்றிலும் இயைந்தது. நிகழ்காலத்தில் வாழ்தலின் ஆன்மீகப் பெறுமதி அது தரும் அமைதியில் மாத்திரம் இல்லை. நேற்றைக் காரணம் காட்டியும் நாளையைத் தவணை கேட்டும் தப்பிக்கொள்ளும் வழிகளை அது அடைத்துவிடுகின்றது. முன்னே உள்ள வேலையின் எதிரிலும் முன்னே நிற்கும் மனிதரின் எதிரிலும் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. அவ்வாறு நிறுத்தப்பட்டவன் என்ன செய்கின்றான் என்பதே அவனது பக்திக்கு அளவுகோல். தேரடியிற் பிறந்த வாக்கியங்களை நாவாற் சொல்லும் தலைமுறைகள் பல வந்துபோயின. அவ்வாக்கியங்கள் கிணற்றடிகளிலும் கோயில் வாயில்களிலும் கையால் உரைக்கப்படும்போதே அவை முழுமையாகச் சொல்லப்பட்டனவாகும்.